மஞ்சளா, ரோஸா

"பிரேக்!"

அவள் போட்ட சத்தத்தில் வேன் குலுங்கி நின்றது. பின்னால் அவளோடு உட்கார்ந்திருந்த அம்மாவும் தம்பியும் முன்னால் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தார்கள். வேன்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி நேராகப் பார்த்தபடி இருந்தார். நடுவில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்த அப்பா மட்டும் எதற்கும் அசையவில்லை.

சாவு வண்டிக்குள் யாராவது இப்படிக் கத்துவார்களா? அழலாம், மூக்கைச் சிந்தலாம், மிஞ்சிப்போனால் "பாத்து மெதுவா போப்பா" என்று சொல்லலாம். ஆனால் அவளுக்கு வேலையே கத்துவதுதான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்ச மிதிங்க!" என்று கத்திக் கத்தியே அந்த வட்டாரத்தில் கிளட்ச் அக்கா என்று பெயர் வாங்கியவள். அப்பா நேற்று மத்தியானம் போய்விட்டார் என்பதற்காகத் தொண்டை மாறிவிடுமா என்ன?

கூரையில் கரகரவென்று உரசிய சத்தம் அவள் காதில்தான் முதலில் விழுந்தது. "ஐயோ, கிளை!" என்று பின்கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

சந்து வாயில் நிற்கிற மரத்தின் கீழ்க்கிளை, வேன் கூரையில் பற்றவைத்திருந்த இரும்புச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கிளையில் இலை என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் நுனி நுனியாகக் கொத்துக் கொத்தாய் மொட்டு! தொட்டால் வெல்வெட்டு மாதிரி இருக்கும் பழுப்பு மொட்டுகள், இன்றைக்கா நாளைக்கா என்று விம்மிக்கொண்டு இருந்தன. மரம் வைத்த நாளிலிருந்து அது மொட்டு விடுவது இதுதான் முதல் தடவை. அதுவும் இந்த ஒரே ஒரு கிளையில்.

"நகர்த்தாதீங்க! ஒரு இஞ்ச்கூட நகர்த்தக் கூடாது!" என்று அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மரத்தின் கதையைச் சொல்லாவிட்டால் அவள் குதித்தது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தெரிந்தது. பாவம், அப்பா போன அதிர்ச்சி என்று ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா தண்ணீர் லாரி ஓட்டினவர். ஆயுசு முழுக்க ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வேலையிலிருந்து நின்ற கையோடு ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போய் முழங்கால் உயரக் கன்று ஒன்றை வாங்கிவந்தார். ரோட்டோரமெல்லாம் வரிசையாக வைப்பார்களே, கோடை வந்தால் இலையை எல்லாம் உதறிவிட்டு மரம் முழுக்கப் பூவாக நிற்குமே, அந்த ஜாதி. பெயர் வாயில் நுழையவில்லை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன கலர் பூக்கும்?"

"மஞ்சளும் இருக்கு, ரோஸும் இருக்கு சார். மழையில அடையாளச் சீட்டெல்லாம் போயிடுச்சு, ரெண்டும் கலந்து கெடக்கு. பூத்தாத் தெரிஞ்சுடும்" என்றான் பண்ணைக்காரன்.

பிடித்தது சண்டை. அப்பா மஞ்சள் என்றார். அம்மா ரோஸ் என்றாள். இலையைப் பார், தண்டைப் பார் என்று இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமலே அடித்துப் பேசினார்கள். அந்தச் சமயத்தில் வீட்டில் இன்னொரு சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்குப் போன காலத்தில் அவர் இருட்டோடு எழுந்து தன் காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவார். வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், காலையில் யார் முதலில் எழுந்து காபி போடுவது என்று தினமும் போர்வைக்குள்ளிருந்தே இரண்டு பேரும் வாக்குவாதம். இரண்டு சண்டையையும் ஒன்றாகச் சேர்த்து அப்பாதான் பந்தயம் கட்டினார்.

"மஞ்சளாப் பூத்தா நீ ஆயுசுக்கும் எனக்குக் காலைக் காபி போட்டுத் தரணும். ரோஸாப் பூத்தா நான் போட்டுத் தர்றேன். சம்மதமா?"

"போட்டுக் கொடுத்தாப் போதாது. உக்காந்த எடத்துக்குக் கொண்டாந்து தரணும்" என்றாள் அம்மா.

"சரி, கொண்டாந்து தர்றேன்."

கடப்பாரையால் சந்தோரத்துச் சிமெண்டை உடைத்து, இடுப்பளவு குழி தோண்டி, சரளையை அள்ளி எறிந்துவிட்டு நல்ல மண்ணும் எருவும் போட்டு வைத்தார். ஸ்கூட்டர்கள் இடிக்காமல் சுற்றிலும் இரும்புக்கூண்டு. முட்டுக்கொடுக்க ஒரு குழாய். கன்று கிடுகிடுவென்று வளர்ந்தது. முதல் மாடி எட்டியது, இரண்டாம் மாடி எட்டியது. இலை என்றால் இலை, அப்படி ஒரு இலை. பூ மட்டும் இல்லை.

பண்ணைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டார். அவன் கேட்டது ஒரே கேள்வி. "கோடையில தண்ணி ஊத்துறீங்களா?"

"ஊத்தாம?"

"அதான் பூக்கல. வெயில் ஏற ஏறத் தண்ணிய நிறுத்திடணும் சார். காஞ்சாத்தான் இலைய உதுத்துட்டு மொட்டு வைக்கும். நீங்க ஊத்த ஊத்த அது சொகமா இலை விட்டுக்கிட்டே இருக்கும்."

அன்றோடு உத்தரவு போட்டார். கோடையில் மரத்தடியில் ஒரு சொட்டு விழக் கூடாது. சந்து முழுக்கச் சிரித்தது. "ஊருக்கெல்லாம் லாரி லாரியா ஊத்தினவரு, சொந்த மரத்துக்கு ஒரு சொம்பு கொடுக்க மாட்டேங்குறாரு" என்று குடியிருப்புச் செயலாளர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். செயலாளருக்கு அந்த மரம் என்றாலே ஆகாது. அவர் கார் நிற்பது அதன் அடியில்தான். சருகு, பறவை எச்சம் எல்லாம் அவர் கார் மேல்தான் விழும். பூக்காத மரத்துக்கு இத்தனை இடம் எதற்கு, இந்தக் கோடையும் பூக்காவிட்டால் எடுத்துவிடுவோம் என்று கூட்டத்தில் பேசி முடிவே செய்துவிட்டார்கள்.

ஆனால் தண்ணீரை நிறுத்தியும் மரம் ஏன் பூக்கவில்லை? அது மகளுக்குத் தெரியும். அப்பா மத்தியானம் கண் அசந்ததும் அம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரிக் கீழே இறங்குவாள். ஒருநாள் கையும் வாளியுமாக மாட்டிக்கொண்டாள்.

"என்னம்மா இது? பந்தயத்துல ஜெயிக்க வேணாமா உனக்கு?"

"பந்தயம் கெடக்குது. கண்ணு முன்னாடி வாயில்லா ஜீவன் காயுது, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா? அப்பாகிட்டச் சொல்லிடாதடி."

அவள் சொல்லவில்லை. ஆனால் அப்பா சொன்னார். "உங்கம்மா தெனம் தண்ணி ஊத்துறா. காஞ்ச மண்ணுக்கும் நனைஞ்ச மண்ணுக்கும் வாசம் தெரியாதா எனக்கு? நான் எந்த வண்டி ஓட்டினவன்? நீ ஒண்ணும் கேட்டுக்காத. ஊத்தட்டும்."

அவரும் யோக்கியமில்லை. கீழ்க்கிளையைக் கன்றாக இருக்கும்போதே கவாத்துப் பண்ணச் சொல்லியிருந்தான் பண்ணைக்காரன். கத்தியை எடுத்துக்கொண்டு போவார், கிளையைத் தடவிப் பார்ப்பார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திரும்பிவிடுவார். அந்தக் கிளைதான் இன்றைக்கு அவர் போகிற வழியில் குறுக்கே நின்றது.

இந்த வருஷம் கோடை தொடங்கும்போதே அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அம்மா கூடவே இருந்தாள். வாளி தூக்க ஆள் இல்லை. தண்ணீருக்கு நாதியில்லாமல் மரம் இலையைக் கொட்டியது. யார் அதைக் கவனித்தார்கள்? போன வாரம் மாற்றுத் துணி எடுக்க வந்த மகள், சந்து வாயில் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தவள், காரை அப்படியே நடுவில் நிறுத்திவிட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். டிரைவிங் ஸ்கூல் போர்டு வைத்த காருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிப்பதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடினாள். "அப்பா! மொட்டு! மொட்டு விட்டிருக்குப்பா!"

பேச்சே இல்லாமல் கிடந்த மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். "எந்தப் பக்கம்? எந்தக் கிளையில? நெசமா மொட்டா, இல்ல துளிரா?"

போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "மஞ்சள். பாரு, இந்த நுனியில மஞ்சள் தெரியுது."

"அது வெயிலு. குடுங்க இங்க" என்று அம்மா பிடுங்கிப் பார்த்தாள். "நல்லா ரோஸ் அடிக்குது. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

ஊசி போட வந்த நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரர், அவரைப் பார்க்க வந்த மருமகன் எல்லாருக்கும் போன் கை மாறியது. நர்ஸ் ரோஸ் கட்சி. பக்கத்துப் படுக்கைக்காரர் மஞ்சள். டாக்டர் மட்டும் படத்தைப் பார்க்காமல் அறிக்கையைப் பார்த்தார். வீட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் போகலாம், இனி இங்கே செய்ய ஒன்றும் இல்லை என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்போதும் அப்பா அவள் காரில் ஏறவில்லை. மகள் ஓட்டும் வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. "ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்குறேன். நீங்க மட்டும் ஏற மாட்டீங்களா?" என்று அவள் கேட்டால், "ஊருக்கு உயிர் மேல ஆசையில்ல. எனக்கு இருக்கு" என்பார். ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழ்க்கிளை நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் வீடே மொட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தம்பி வெளியூரிலிருந்து வந்தவன் பையை வைப்பதற்குள் "கலர் தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்டான். நேற்று மத்தியானம் அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் முகம் வைத்திருந்தார். "இன்னும் விரியலப்பா, நாளைக்கு விரிஞ்சுடும்" என்று அவள் சொன்னாள். பதில் வரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்க அவளுக்கு இடம் தெரியவில்லை. அம்மா வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது சந்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"அக்கா, நேரமாச்சு. சுடுகாட்டுல நமக்குக் கொடுத்த நேரம் போயிடும்" என்று தம்பி அழுத முகத்தோடு வந்து நின்றான்.

"பின்னாடி எடுத்து வேற வழியாப் போகலாமே?" என்றார் ஒருவர். வேற வழி ஏது? சந்தின் மறுமுனையில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"அப்பாவ இறக்கி, ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போலாமா?"

"ஏத்தினவர மறுபடி இறக்கவா? ரோட்டுல பஸ்ஸு பறக்குது, அங்க எங்க வெச்சு ஏத்துவே?" என்று தம்பிக்குக் குரல் உடைந்தது.

செயலாளர் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தார். கையில் ரம்பம். மனுஷன் அதை எண்ணெய் போட்டுத் தயாராகத்தான் வைத்திருந்தார் போல.

"இதுக்குப் போய் ஏன் இத்தனை பேச்சு? ஒரு கிளை. அரை நிமிஷம். அண்ணன் நிம்மதியாப் போகட்டும்" என்று ஒரு கையால் கிளையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அந்த ஜாதி மரத்தின் கிளை வளையாது. படக்கென்று ஒரு சிம்பு முறிந்து, மொட்டுக் கொத்து ஒன்று சிமெண்டில் விழுந்தது.

"கைய எடுங்க!"

இந்தத் தடவை கத்தியது மகள் இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வாயே திறக்காத அம்மா. வேனின் பின்கதவில் கைவைத்து இறங்கி நடந்து வந்தாள். குனிந்து கொத்தை எடுத்தாள். ஒரு மொட்டை நகத்தால் பிளந்து உள்ளே பார்த்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பச்சையாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"மிச்சம் இருக்குறதத் தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் அம்மா செயலாளரிடம். "பந்தயம் இன்னும் முடியல."

செயலாளர் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மகள் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எம்பி எம்பிப் பார்த்தாள். கிளை கூரைச் சட்டத்தைவிட மூன்று விரல் தாழ்ந்திருந்தது. மூன்றே விரல்! டயரில் காற்றை இறக்கலாம், ஆனால் அப்புறம் சப்பை டயரோடு அவ்வளவு தூரம் எப்படி ஓட்டுவது? திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. வண்டி உள்ளே எப்படி வந்தது?

ஓட்டுநர் ஜன்னலில் போய்த் தட்டினாள். "நேத்து உள்ள வரும்போது கிளை இடிச்சுதா?"

"இல்லீங்க மேடம்."

'மேடம்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். அவளிடம் படித்தவர்தான். ரிவர்ஸில் மூன்று தடவை பெயிலாகி, நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு பாஸ் ஆனவர்.

"நேத்து வண்டியில என்ன இருந்துச்சு?"

"ஐஸ் பெட்டி இருந்துச்சு மேடம். பேட்டரி ரெண்டு. தூக்க ஆறு ஆளு. நேத்தே எல்லாத்தையும் இறக்கிட்டு, வண்டிய இங்கயே போட்டுட்டோம்."

அப்பாவின் கதை! சாப்பிட உட்கார்ந்தால் அவர் விடாமல் சொல்லும் கதை. அவளும் தம்பியும் "போதும்பா, தெரியும்பா" என்று காதைப் பொத்திக்கொள்ளும் கதை. ஒரு மில்லுக்குத் தண்ணீர் கொண்டுபோனார். வாசலில் தாழ்வான இரும்பு வளைவு. நிறை லாரி நேராக உள்ளே போய்விட்டது. ஊற்றிவிட்டு வெளியே வந்தால் காலி லாரி வளைவில் மாட்டிக்கொண்டது. வாட்ச்மேன் வளைவை அறுக்க ஆள் கூப்பிடப் போனான். அப்பா என்ன செய்தார்? ஊற்றின தண்ணீரில் பாதியை மறுபடி ஏற்றிக்கொண்டு ஜம்மென்று வெளியே வந்தார். லோடு இருந்தா வண்டி உக்காரும் என்று சொல்லி முடித்து, தட்டில் இருப்பதை ரசித்துச் சாப்பிடுவார்.

"ஏறுங்க!" என்று அவள் திரும்பினாள். "எல்லாரும் வண்டியில ஏறுங்க!"

"என்னது?"

"ஏறுங்கன்னா ஏறுங்க! வண்டி வெயிட்டு இல்லாம தூக்கிட்டு நிக்குது. உள்ள ஆள் ஏறினா ஸ்பிரிங் அமுங்கும், கூரை இறங்கும். மாமா, நீங்க. நீங்களும் வாங்க. யாரும் வெளிய நிக்கக் கூடாது!"

முதலில் ஒருத்தரும் அசையவில்லை. சாவு வண்டியில் தானாகப் போய் ஏறுவதற்கு யாருக்கு மனசு வரும்? அம்மாதான் முதலில் ஏறி, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மேல்மாடிக்காரர்கள் ஏறினார்கள். இஸ்திரிக்கடைக்காரர் ஏறினார். அப்பாவோடு லாரி ஓட்டின இரண்டு பேர், விஷயம் புரிந்து கண் பளபளக்க, "அட, மில்லு கேட்டு!" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு ஏறினார்கள். வண்டி பெருமூச்சு விட்டபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"நெருங்கி உக்காருங்க. அவரு கையில இடிச்சுடாதீங்க" என்று அம்மா உள்ளே இருந்து எல்லாருக்கும் இடம் ஒதுக்கினாள்.

தம்பி மட்டும் வெளியே நின்று, மரத்தைச் சுற்றிய இரும்புக்கூண்டின் மேல் தொற்றி ஏறி, சட்டத்துக்கும் கிளைக்கும் நடுவே பார்த்தான். "ரெண்டு விரல் இறங்கிடுச்சு அக்கா! இன்னும் தொடுது! இன்னும் ஒரு ஆள் வேணும். நல்ல கனமான ஆளு!"

சந்தே திரும்பிச் செயலாளரைப் பார்த்தது. ஊரில் எந்தத் தராசும் தயங்குகிற உடம்பு. அவர் கையில் ரம்பத்தோடு இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நானா?"

"உங்களத்தான்! வாங்க சார், சீக்கிரம்!"

ஏறினார். ரம்பத்தை வைக்க இடமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். வேன் பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது.

"வந்துடுச்சு! கேப் வந்துடுச்சு!" என்று தம்பி கூண்டின் மேல் குதித்தான். அழுகையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வேன்காரர் கதவைத் திறந்துகொண்டு தானாகவே இறங்கிவிட்டார். "மேடம், நீங்களே எடுத்துடுங்க. நான் முன்னாடி உக்காந்து லோடா வர்றேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். அதில் அம்மாவின் தலையும், நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த முழங்கால்களும், அவற்றுக்கு நடுவே வெள்ளைத் துணியும் தெரிந்தன. அப்போதுதான் அவளுக்கு அது மனதில் பட்டது. அப்பா அவள் வண்டியில் இருக்கிறார். இத்தனை வருஷம் மாட்டேன் மாட்டேன் என்றவர், ஏறிவிட்டார். கண் மறைத்தது.

"கிளட்ச்" என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டு மிதித்தாள்.

"வா... வா... வா..." என்று தம்பி மேலேயிருந்து கையை ஆட்டினான். "நேரா வா. ஒடிக்காத. மொட்டு நேர் மேல வருது. மெதுவா... மெதுவாக்கா..."

உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லை. விட்டால் வண்டி எழும்பிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. எறும்பு ஊர்வதுபோல வேன் நகர்ந்தது. கூரையில் ஒரு சத்தமும் இல்லை. முன்சக்கரம் ரோட்டைத் தொட்டது. பின்சக்கரம் சந்தின் விளிம்பைத் தாண்டியது.

"தாண்டிருச்சு! ஒண்ணுகூட விழல! ஒரு மொட்டுகூட விழல!" என்று தம்பி கூண்டிலிருந்து குதித்து ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

லாரிக்காரர்களில் ஒருவர் கை தட்டிவிட்டார். தட்டிவிட்டு, எங்கே இருக்கிறோம் என்பது நினைவு வந்து நடுவிலேயே நிறுத்தினார். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. மேல்மாடிப் பெண்மணி சிரித்தாள். செயலாளரின் தொப்பை குலுங்கி, மடியில் இருந்த ரம்பம் கணகணவென்று ஆடியது. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள், ஒரு சாவு வண்டி நிறைய ஆட்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு போவதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

அவள் வண்டியை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. இறுதிவரை அவளே ஓட்டினாள். ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை. அவ்வளவு தூரமும் அப்பா ஒரு குறையும் சொல்லாமல் வந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவளுக்கு விழிப்பு வந்தது. அழுது களைத்துத் தூங்கியிருந்தாள். அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் வெளிச்சம் ஒரு தினுசாக இருந்தது. திரையை விலக்கினாள்.

மஞ்சள்!

கிளை முழுக்க மஞ்சள். ஒரே ராத்திரியில் அத்தனை கொத்தும் வெடித்து, கிளை எது பூ எது என்று தெரியாமல், கைப்பிடி கைப்பிடியாகப் பளீரென்ற மஞ்சள். அவளையறியாமல் கட்டிலை நோக்கி, "அப்பா!" என்று திரும்பியே விட்டாள். கட்டிலில் மடித்த போர்வை இருந்தது.

"தம்பி, எந்திரிடா! மஞ்சள்டா! அப்பா ஜெயிச்சுட்டாருடா!" என்று அவனை உலுக்கிவிட்டு, "அம்மா! அம்மா!" என்று அடுப்படிக்கு ஓடினாள். அடுப்படியில் அம்மா இல்லை. அடுப்பு சூடாக இருந்தது. பால் பாத்திரத்தில் ஆடை படிந்திருந்தது.

மறுபடி ஜன்னலுக்கு வந்து கீழே பார்த்தாள்.

செயலாளர் தன் காரைத் தள்ளி நிறுத்தியிருந்தார். மரத்தடிச் சுவரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு டம்ளர். ஒன்று காலி. இன்னொன்று நிறையக் காபி.

அம்மா அந்த நிறைந்த டம்ளரை எடுத்தாள். ஆறிப்போயிருக்க வேண்டும், ஆடையை விரலால் விலக்கினாள். எழுந்து இரும்புக்கூண்டுக்குப் பக்கத்தில் போய், கம்பிக்குள் கையை விட்டு, வேர்ப்பக்கமாக டம்ளரைச் சாய்க்கப் போனாள். கை அப்படியே நின்றது. அம்மா நிமிர்ந்து கிளையைப் பார்த்தாள். அப்புறம் கையை வெளியே எடுத்து, நின்றபடியே அந்தக் காபியையும் தானே குடித்தாள்.

டம்ளர் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள். மரத்தடி மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்கவில்லை.